கலைச்சொல்: மூன்லைட்டிங் புரோட்டீனுக்குப் ‘பல்வினைப் புரதம்’ போதுமா?

வணக்கம். இந்தச் சொல்லுக்கு ஒருவர் முன்வைத்த யோசனை இது:

> ஒரே புரதம் பல வேலை பார்க்கிறது. ‘பல்வினைப் புரதம்’ என்றால் முடிந்தது.

முடியாது ஐயா. அப்படி வைத்தால் விலங்குகளின் கொழுப்பமிலச் சின்தேசும் உள்ளே வந்துவிடும். ஏழு பகுதிகளை ஒரே அமினோ அமிலச் சங்கிலியில் கோத்த நொதி அது; பகுதிக்கொரு வேலை. 1999-இல் மூன்லைட்டிங் என்று பெயரிட்ட புரத ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் ஜெஃப்ரி, மரபணுக்கள் இணைந்து உருவான இந்த வகையை வெளியேதான் நிறுத்தினார்.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: சங்கிலி அதேதான், இருக்கும் இடமோ சேரும் கூட்டாளியோ மாறினால் வேலை மாறுகிறது. ஜிஏபிடிஹெச் (GAPDH) என்ற நொதியைப் பாருங்கள். செல்சாற்றில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள திரவத்தில், நான்கு அலகுகளாகச் சேர்ந்து குளுக்கோஸ் சிதைவின் ஆறாம் படியை நடத்துகிறது. அதன் 150-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஏறினால் நொதித்திறன் போய், சையா1 புரதத்தோடு பிணைகிறது. உட்கருவுக்குள் நுழைவதற்கான குறி ஜிஏபிடிஹெச்சிடம் இல்லை, சையா1-இடம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் செல்லைச் சாவை நோக்கித் தள்ளுகிறது.

என் பரிந்துரை: மாற்றுப்பணிப் புரதம். அரசு அலுவலகங்களில் புழங்கும் சொல்தான். ஆள் அதே, இடமும் வேலையும் வேறு. ‘நிலவொளிப் புரதம்’ என்று மட்டும் யாரும் தொடங்கிவிடாதீர்கள், ஒளிரும் புரதம் என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

* * *

மாற்றுப்பணிக்கு என் வாக்கும். செல்சாற்றிலுள்ள அகோனிடேஸ் என்ற நொதிக்கு இது இன்னும் கச்சிதம். இரும்பு குறைந்தால் அதிலுள்ள இரும்பு-கந்தகக் கொத்து கழன்றுவிடும். நொதி வேலை நின்று, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்துக்கான செய்தி நகலான எம்ஆர்என்ஏவின் முன்முனையில் உட்கார்ந்து அந்தப் புரதத்தின் ஆக்கத்தைத் தடுக்கும். ஒரே மூலக்கூறு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது.

விளக்கக் குறிப்பில் ஆய்வகச் சிக்கலையும் சேருங்கள். உட்கருப் பகுதியைப் பிரித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காணும் சோதனை) ஓட்டும்போது 37 கிலோடால்டன் எடையில் ஜிஏபிடிஹெச் பட்டை தெரிந்தால், செல்சாறு கலந்துவிட்டது என்று மாதிரியைக் கொட்டிவிடுகிறார்கள். அதே பிளாட்டில் செல்சாற்றுக்கு அடையாளமான டியூபுலினையும் உட்கருவுக்கு அடையாளமான ஹிஸ்டோன் எச்3-யையும் பார்க்க வேண்டும். எச்3 இருந்து, டியூபுலின் இல்லாமல், ஜிஏபிடிஹெச்சும் வந்தால் கலப்படம் என்று தள்ள முடியாது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கொடுத்த செல்களில் ஜிஏபிடிஹெச்சையே மாறாத அளவுகோலாக மற்றப் புரதங்களோடு ஒப்பிட வைப்பதும் ஆபத்து. மரபணுவை அடியோடு நீக்கினாலோ இரு பணிகளும் சேர்ந்தே போகும். பிரித்தறிய, வினைமையத்தில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

புரதத்தின் வழக்கமான வேலையைக் குறிக்கும் இணைச்சொல்லாக ‘முதற்பணி’ வேண்டாம். பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே அதன் தகுதி. ‘அறிந்த பணி’ என்று போடலாம்.