மறு: மறு: ஒரே சாளரம் பலமுறை திறந்தால் – சொல் வேண்டும்

கோவை, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். விஷுவல் பேசிக் நிரல்மொழிப் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன்.

நாம் வடிவமைப்பது 'ஃபார்ம்1' என்ற ஒரே சாளர வடிவமைப்புதான். 'டிம் எஃப் ஆஸ் நியூ ஃபார்ம்1' என்று எழுதி 'எஃப்.ஷோ' கொடுத்தால் புதுச் சாளரம் வரும். மறுபடி ஓட்டினால் இன்னொன்று. வெறுமனே 'ஃபார்ம்1.ஷோ' என்று எத்தனை தடவை அழைத்தாலும், திறந்திருக்கும் அந்த ஒன்றேதான். மாணவர்கள் குழம்புவது இங்கேதான். இப்படித் திறந்து நிற்கும் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸையும் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போதைக்கு 'நகல்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

> இப்போதைக்கு 'நகல்' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. நகல் என்றால் அசல் எங்கே என்ற கேள்வி வரும். முதலில் திறந்தது அசல் இல்லை. இரண்டும் ஒரே வடிவமைப்பிலிருந்து தனித்தனியே பிறந்தவை. ஒன்றில் தட்டியது மற்றதில் தெரியாது, ஒன்றை மூடினாலும் மற்றது நிற்கும். எக்செலில் 'புதிய சாளரம்' கொடுப்பது வேறு சங்கதி. அங்கே ஒரே கோப்பை இரண்டு சாளரங்களில் பார்க்கிறோம். தலைப்பில் 1, 2 என்று எண் ஒட்டிவரும், ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும். இரண்டுக்கும் 'நகல்' என்றே எழுதினால் பாடமே தவறாகிவிடும்.

மதுரை, தமிழாசிரியர்:

நகல், அசல் இரண்டுமே அரபி வழி வந்தவை. 'படி' நம்மிடம் இருக்கிறது. ஓலைப்படி, கையெழுத்துப்படி, படியெடுத்தல் எல்லாம் வழக்கில் உள்ளவை. முதனிலையே பெயராக நிற்பதால் விகுதியும் வேண்டாம்: சாளரப்படி. அதைவிட, 'சாளரம்' என்பதையே மாற்றலாம் என்பேன். 'மான்கண் காலதர்' என்று சிலம்பில் வருகிறது. கால் காற்று, அதர் வழி. இதைவிடத் தெளிவான சொல் எது?

சென்னை:

அம்மா, அதே சிலம்பில் மனையறம்படுத்த காதையில் 'கோலச் சாளரக் குறுங்கண்' இருக்கிறதே! இளங்கோ இரண்டையும் ஆண்டிருக்கிறார். பல நிரல்களின் பட்டியில் (மெனுவில்) 'சாளரம்' ஏறிவிட்டது, அதை இனி இறக்க வேண்டாம். 'சாளரப்படி' காதில் 'சட்டப்படி' மாதிரி விழுகிறது. படியும் நகல்தானே, அசல் கேள்வி அப்படியே நிற்கிறது.

யாழ்ப்பாணம்:

வடிவமைப்பு அச்சு என்றால், திறப்பது வார்ப்பு. தொழிலாகுபெயர், இலக்கணமும் சரியாக வருகிறது. ஏன் ஒருவரும் இதைச் சொல்லேல்லை?

கும்பகோணம்:

எங்கள் பக்கம் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரு வார்ப்புதான். நாம் பேசுவதோ ஒன்றிலிருந்து பல வருவதை. அதோடு, விக்கிப்பீடியாவில் டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' நிலைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் வார்ப்பும் வார்ப்புருவும் வந்தால் எது எதிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் தேட வேண்டியிருக்கும். என் பரிந்துரை 'உரு'. மூன்று உருக்கள் திறந்துள்ளன, ஓர் உருவை மூடு. போதாதா?

சென்னை:

உருவை ஐகானுக்கும், கேரக்டருக்கும், இமேஜுக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாயிற்று. 'நேர்வு' சில சொற்பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது. பாட வரியில் வைத்துப் பார்ப்போம்:

'திறந்துள்ள நேர்வுகள் எல்லாம் அப்ளிகேஷன்.ஓப்பன்ஃபார்ம்ஸ் தொகுப்பில் இருக்கும். மூடிய நேர்வு அதிலிருந்து தானே நீங்கிவிடும். ஆனால் அதை நாமே தனியாக ஒரு பட்டியலில் சேர்த்து வைத்திருந்தால், மூடிய பிறகும் நினைவகத்தை விடாது.'

ஓடுகிறது.

மதுரை:

நேர்தல் என்றாலும் நிகழ்தல்தான். ஈவென்ட்டுக்கு 'நிகழ்வு' என்று எழுதுகிறீர்கள். 'நேர்வின் மூடல் நிகழ்வு' என்று ஒரு வரி வரும்போது மாணவன் என்ன செய்வான்? பொருளால் இரட்டையான இரண்டு சொற்களை வெவ்வேறு வேலைக்கு வைப்பது சரியல்ல. உருவுக்குப் பல வேலை இருக்கலாம், 'சாளர உரு' என்று அடைகொடுத்தால் மயக்கம் தீரும்.

கோவை:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குள் பக்கம் கட்ட வேண்டும். பட்டியில் 'புதிய சாளரம்', பாடத்தில் 'சாளர நேர்வு' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'இன்ஸ்டன்ஸ்' என்பதையும் தமிழெழுத்தில் சேர்க்கிறேன், தேர்வில் அப்படியும் கேட்பார்கள். எக்செல் மாதிரி ஒரே கோப்பைக் காட்டும் இரண்டாவது சாளரத்தை 'மறுபார்வை' என்று பிரித்திருக்கிறேன்.

கும்பகோணம்:

நேர்வுக்கு நான் இன்னும் உடன்படவில்லை, இங்கே பதிவாகட்டும். 'மறுபார்வை' கட்டாயம் மாற்ற வேண்டும் ஐயா. ரிவ்யூ என்றுதான் யாரும் படிப்பார்கள்.