புதுப்பிப்பு: வட ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து மட்டரங்கா வரை கேரவனில் போய் வந்தாச்சு

ஜூனில் கேட்டிருந்தேன்: இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலிக்கார அப்பா, வாடகைக் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி), முதலை பயம். போகலாமா என்று. போய்விட்டு வந்தோம், பத்து விரலும் பத்திரம்.

லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவில் 'வாங்கி' அருவிப் பலகையைப் படித்த அப்பா, "என்னத்த வாங்கி?" என்றார். கேரவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் பூலி ராக்ஹோல் போனோம். எனக்குப் பிடித்தது அதுதான். பாறையில் அடுக்கடுக்காகக் குழிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழிகிறது. சின்னவள் முட்டியளவு குழியில் உட்கார்ந்தே ஒரு மணி நேரம் ஓட்டினாள். காலைக் கடிக்கும் குட்டி மீனைப் பார்த்து "முதலை!" என்று அலறியது தனிக்கதை.

முதலை பற்றிக் கேட்டவர்களுக்கு: மழைக்காலம் முடிந்ததும் ரேஞ்சர்கள் உப்புநீர் முதலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கிக் குளத்தைத் திறக்கிறார்கள். பலகை 'மூடியுள்ளது' என்றால் மூடியுள்ளதுதான், பேரம் கிடையாது.

அதே பூங்காவில் ஃபுளோரன்ஸ் அருவிக்கு நிறையப் படி. அப்பா மேலிருந்தே பார்த்துக்கொண்டார். அவருக்கு ஈடு செய்தது மட்டரங்கா: 34 டிகிரி வெந்நீர்க் குளம், சுற்றிலும் பனை. அவரைத் தண்ணீரிலிருந்து எழுப்பிக் கூட்டிவரத்தான் பாடு.

கேரவன்? இரண்டாம் நாளே தண்ணீர் பம்ப் படுத்துவிட்டது. வாடகைக்கு விட்டவர் போனை எடுக்கவேயில்லை. கேனில் பிடித்துச் சமாளித்தோம். சாவி வாங்கும்போதே குழாயைத் திறந்து பாருங்கள்.