யுமாஸ்க்: மறைப்பா, கழிப்பா, முன்மறுப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோப்புப் பரிமாற்ற மென்பொருளைத் தமிழாக்கும் பணியில் 'யுமாஸ்க்' மட்டும் இன்னும் வெற்றிடமாகவே நிற்கிறது. லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் புதிதாக உருவாகும் கோப்புக்கு எந்தெந்த அனுமதிகள் கிடையாது என்று சொல்லும் எண் அது. இதுவரை வந்த சொற்கள் முகமூடி, மறைப்பு, கழிப்பு எண். யுமாஸ்க் என்றே விட்டுவிடலாம் என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் 'முன்மறுப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மறைப்பு. ஒரு காலத்தில் நானே பயன்படுத்திய சொல் இது. ராயப்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்துக்கு லினக்ஸ் சர்வர் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். பக்க வடிவமைப்பெல்லாம் விண்டோஸ் கணினிகளில் நடக்கும். முடித்த கோப்பை எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான பரிமாற்ற முறையில் சர்வருக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய கோப்பெல்லாம் 644 என்ற அனுமதியோடு போய் உட்கார்ந்தது. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, பிறர் ஆகியோருக்கானவை; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி வருபவை. அதாவது ஏற்றியவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்தான் முடியும். ஒருவர் ஏற்றிய பக்கத்தில் அடுத்தவர் பிழை திருத்த முடியவில்லை. யுமாஸ்க்கை 022இலிருந்து 002 ஆக மாற்றினால் குழுவில் உள்ள எல்லோரும் எழுதலாம், 664 ஆகிவிடும். அன்று என்னால் நேரில் போக முடியாததால், கட்டளையை எழுதி, பக்கத்தில் 'மறைப்பை 002 ஆக மாற்றவும்' என்று விளக்கமும் சேர்த்து அனுப்பினேன்.

அங்கே வேலை பார்க்கும் தங்கை ஒருவர் போன் செய்தார். "அண்ணா, மறைப்பை மாத்தினா எங்க ஃபைல் யார் கண்ணுக்கும் தெரியாம போயிடுமா?" பயந்துபோய் அவர் அதைத் தொடவே இல்லை. அந்த வாரம் முழுக்க மெய்ப்புத் திருத்தங்கள் பென்டிரைவில்தான் மேசைக்கு மேசை போயிருக்கின்றன.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் மென்பொருளில் யுமாஸ்க் வரும் அதே பட்டியலில் (மெனு) 'மறைந்த கோப்புகளைக் காட்டு' என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த பக்கத்தில் 'மறைகுறியாக்கம்' (என்கிரிப்ஷன்) இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு 'மறை' இருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒன்றை வைத்தால் படிப்பவர் என்ன செய்வார்? யுமாஸ்க் எதையும் மறைப்பதில்லை. கோப்பு கண்ணுக்குத் தெரியும், பெயர் தெரியும், அளவு தெரியும். 022 என்று இருந்தால் மற்றவர்களை எழுத மட்டும் விடாது.

முகமூடியை நான் ஏற்கவே இல்லை. அது சொல்லுக்குச் சொல் போட்டது. ஆங்கிலத்தில் அந்த மாஸ்க் முகத்துக்கு மாட்டுவது அல்ல. ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடிமேல் செய்தித்தாள் ஒட்டுகிறோமே, அந்த வகை. தாள் ஒட்டிய இடத்தில் பெயின்ட் படாது. யுமாஸ்க்கை 0, 1 மட்டும் வரும் இரும எண்ணாக எழுதினால், எந்த இடத்தில் 1 இருக்கிறதோ அந்த இடத்து அனுமதி புதுக் கோப்புக்குக் கிடைக்காது.

கழிப்பு எண் ஓரளவு பொருந்துவதுபோல் தெரியும். புதுக் கோப்புக்குக் கேட்கப்படும் அனுமதி வழக்கமாக 666, அதில் 022 போனால் 644. அடைவுக்கு (ஃபோல்டர்) 777, அதில் 022 போனால் 755. கழித்தல் கணக்கு மாதிரியே இருக்கிறது. ஆனால் 027 என்று வைத்துப் பாருங்கள். ஆறிலிருந்து ஏழை எப்படிக் கழிப்பது? உண்மையில் கிடைப்பது 640. கேட்காத அனுமதியை மறுத்தாலும் நட்டமில்லை, விடை பூச்சியம்தான். இது எண்ணைக் கழிக்கிற வேலை இல்லை, ஒவ்வொரு அனுமதியாகப் பார்த்து 'உனக்கு இது கிடையாது' என்று சொல்கிற வேலை. கழிப்பு என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் 027இல் தடுமாறுவார்கள். பயிற்சி வகுப்பில் இதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, முன்மறுப்புக்கு வருகிறேன். மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: மொட்டை மாடிக்குச் சாவி கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் திறக்க மாட்டோம். யார் குடிவந்தாலும் இதுதான். நாளடைவில் பழகிவிட்டால் மாடிச் சாவியை அவரே கொடுப்பார், அது வேறு விஷயம். யுமாஸ்க்கும் இதைத்தான் செய்கிறது. கோப்பு பிறக்கும்போதே எவை கிடையாது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. பிறகு அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் கட்டளையால் எந்த அனுமதியையும் கொடுத்துக்கொள்ளலாம்.

'முன்' என்ற அடையை வெறும் அழகுக்காக நான் சேர்க்கவில்லை. கோப்புப் பரிமாற்றத்தில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் வருகிறது. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேலேயே புதுப் பிரதியை எழுதினால் உள்ளடக்கம்தான் மாறும். பழைய அனுமதி அப்படியே இருக்கும், யுமாஸ்க்குக்கு அங்கே வேலை இல்லை. கோப்புகளை ஒத்திசைத்து அனுப்பும் ஆர்சிங்க் கருவியில் அனுமதிகளையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொன்னால், மூலக் கோப்பில் இருந்த அனுமதியே மறுமுனையில் அமையும், யுமாஸ்க் குறுக்கே வராது. அந்த விருப்பம் இல்லாமல் அனுப்பினால் புதுக் கோப்புகளுக்கு மூலத்தின் அனுமதியில் யுமாஸ்க் மறுத்ததுபோக மிச்சம் கிடைக்கும். 'முன்மறுப்பு புதுக் கோப்புகளுக்கே பொருந்தும்' என்று ஒரு வரி எழுதினால், முன் என்ற எழுத்துகளே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடுகின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. எழுத முடியாதபோது திரையில் வருவது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி. அதைப் பார்த்தவருக்குப் பட்டியலில் 'முன்மறுப்பு' என்ற சொல் கண்ணில் பட்டால், காரணம் இங்கே இருக்கலாம் என்று தோன்றும். மறைப்பு என்றோ கழிப்பு என்றோ இருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

பென்டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபாட் என்ற வடிவத்தையும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அதில் யூனிக்ஸ் அனுமதிகளைப் பதிந்துவைக்க இடமே இல்லை. லினக்ஸில் இணைக்கும்போது எல்லாக் கோப்புக்கும் ஒரே அனுமதி இருப்பதாகக் காட்டுவார்கள். எதைக் காட்டுவது என்பதற்கு யுமாஸ்க், எஃப்மாஸ்க், டிமாஸ்க் என்று மூன்று விருப்பங்கள் உண்டு. முன்மறுப்பு, கோப்பு முன்மறுப்பு, அடைவு முன்மறுப்பு என்று மூன்றும் தடையில்லாமல் வருகின்றன. முகமூடியை இப்படி நீட்டிப் பாருங்கள், 'அடைவு முகமூடி' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

யுமாஸ்க் என்றே விடலாம் என்ற நண்பருக்கு: முனையத்தில் தட்டச்சு செய்யும் கட்டளை அப்படியேதான் இருக்கும், அதை யாரும் மாற்றப்போவதில்லை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து அதன் பெயர் அதுதான். நாம் தேடுவது விளக்கத்திலும் பட்டியலிலும் வரவேண்டிய சொல். அங்கே யுமாஸ்க் என்று எழுதினால், அந்த அச்சகத்துத் தங்கைக்குப் பயம் வராது, ஆனால் எதுவும் புரியவும் புரியாது.

'அனுமதி'யை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. இசைவு, ஒப்புதல் இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் அனுமதி ஊரில் புழங்கிவிட்டது. உரிமையாளர், குழு, பிறர் பற்றியும் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அனுமதிகளில் படி, எழுது என்பவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக வரும் எக்ஸ் என்ற எழுத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கோப்புக்கு அது 'இயக்கு', சரி. அடைவுக்கும் 'இயக்கு' என்றே மொழிபெயர்த்திருக்கிறோம். அடைவை யார் இயக்குவார்கள்? அடைவில் அதன் பொருள் உள்ளே போகலாம் என்பது. படிக்கும் அனுமதி மட்டும் இருந்து அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்கலாம், ஒரு கோப்பையும் திறக்க முடியாது. பெயர்ப்பலகையை வாசலில் நின்று படிப்பது மாதிரி. முழு அடைவையும் சர்வருக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் மொத்தமாக 644 போட்டு, இணையதளம் திறக்கவில்லையே என்று தவிப்பவர்கள் விழும் குழி இதுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறார்கள். நாம் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? கோப்புக்கு 'இயக்கு', அடைவுக்கு 'நுழை' என்று பிரித்துவிடலாம். 'அடைவுகளுக்கு எக்ஸ் சேர்' என்று இப்போது இருக்கும் வரி 'அடைவுகளுக்கு நுழைவு அனுமதி சேர்' என்று மாறும்.

முன்மறுப்பு பொருந்தாத இடம் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லாகப் பார்த்து நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்வதைவிட அதுதான் உதவும். எதிர்ப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை முன்மறுப்பு, நுழை என்ற இரண்டு சொற்களையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து