கோணி ஊசி யாரிடம் இருக்கிறது?

மேலவீதி வீட்டுச் சொந்தங்கள் (குழு)

கவிதா: பழைய பள்ளி நோட்டுகளை யாரும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதாத பக்கங்கள் எனக்கு வேண்டும். ஞாயிறு காதுகுத்துக்கு வரும்போது கொண்டு வந்தால் போதும். தைக்க ஒரு கோணி ஊசியும்.

சித்தி: எத்தனை?

செந்தில் அண்ணன்: ஊசியா, நோட்டா?

கோவை அத்தை: எங்கள் வீட்டில் ஒரு கட்டு கிடக்கிறது. பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு நோட்டு எதுக்கும்மா?

பெரியப்பா: இரண்டு வருஷமாக நானும் அதைத்தான் கேட்கிறேன்.

கவிதா: வீட்டில் படித்தாலும் நோட்டு உண்டு அத்தை. போன வருஷம் பாடத்துக்கு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். இனியன் மூன்று பக்கத்தோடு மூடிவிட்டான். நான் சிவப்புப் பேனாவால் திருத்தியதுதான் காரணம். இப்போது எல்லாப் பாடத்துக்கும் ஒரே நோட்டு. பழைய தாவரவியல் ரெக்கார்டு மாதிரி ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கோடு. வெள்ளையில் வரைவான். கோட்டில் ஒரு வரி எழுதுவான், கை வலித்தால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பிழையை அங்கே திருத்துவதில்லை.

இப்போது அவரைக்கொடி ஓடுகிறது. ஞாயிறுதோறும் கொடி உயரத்துக்கு நூல் வெட்டி ஒட்டுகிறான். ஆறு நூல் வரிசையாக நிற்கிறது. மூன்றாவதும் நாலாவதும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ‘அந்த வாரம் பாட்டி வீட்டுக்குப் போயிட்டோம், யாரும் தண்ணி ஊத்தல’ என்று அவனே சொன்னான். கிராஃப் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. கடைசி இரண்டு நூலும் பக்கத்தைத் தாண்டிவிட்டதால் அடியில் தாள் ஒட்டி மடித்து வைத்திருக்கிறான். அதற்குத்தான் தாள் கேட்கிறேன்.

கோவை அத்தை: படம் போடு

கவிதா: (படம்)

சித்தி: நாலாவதிலிருந்து நீல நூலா இருக்கே

சித்தி: என் நூல்கண்டைத்தான் மூணு வாரமா தேடுறேன்!!

செந்தில் அண்ணன்: ஆதாரத்தோடு மாட்டினான் 😂

பெரியப்பா: ஒரு வரி எழுதினால் கையெழுத்து எப்படித் தேறும்? பத்தாவது பரீட்சை யார் எழுதுவது?

கவிதா: என்ஐஓஎஸ் பெரியப்பா, மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி. 14 வயதானால் பத்தாவதுக்குப் பதியலாம். இவனுக்கு ஒன்பதுதான்.

பெரியப்பா: நாலு கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம். செந்தில் அப்படித்தான் படித்தான்.

செந்தில் அண்ணன்: என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று போன வாரம் செக் திரும்பி வந்தது அப்பா.

செந்தில் அண்ணன்: ஏழாவதில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்த நோட்டைக் கிழித்தீர்களே, அது ஒன்றுதான் நான் ஆசையாக எழுதியது.

பெரியப்பா: அது கணக்கு நோட்டு.

சித்தி: ஞாயிறு எத்தனை பேர்? இலைக்குச் சொல்லணும்

பெரியப்பா: நம் ஊர் ராமானுஜன் காகிதம் வாங்க முடியாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். விடையை மட்டும்தான் நோட்டில் ஏற்றினார்.

கவிதா: 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்த அவருடைய ‘தொலைந்த நோட்டு’கூட நோட்டு இல்லை பெரியப்பா, நூற்றுச் சொச்சம் பக்கம், எல்லாம் உதிரித் தாள்.

செந்தில் அண்ணன்: கோணி ஊசி கிடைக்கவில்லை போல

பாட்டி: (குரல் பதிவு 0:41)

கோவை அத்தை: அம்மா என்ன சொல்றாங்க? டிவி சத்தம்தான் கேட்குது

கவிதா: என் சின்னவள் யாழினி போன தடவை பால் கணக்கு நோட்டைக் கேட்டாளாம். கொடுக்கலாமா என்கிறார்.

சித்தி: கொடுக்காதீங்க. பால்காரரோட இரண்டு மாசக் கணக்கு இன்னும் தீரல

பெரியப்பா: என் பியூசி (கல்லூரிப் புகுமுக வகுப்பு) ரெக்கார்டு பரணில் இருக்கும். பாதி வெள்ளைதான். தேடிப் பார்க்கிறேன்.

செந்தில் அண்ணன்: ???

கவிதா: பத்திரமாக ஏறுங்கள் பெரியப்பா. அண்ணனை ஏறச் சொல்லுங்கள்.

கோவை அத்தை: சரி, ஊசி யார் கொண்டு வர்றீங்க?

செந்தில் அண்ணன்: அரிசி மூட்டை தைக்கிறது ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது

பெரியப்பா: துருப்பிடித்துவிட்டது.

சித்தி: இலை எத்தனைன்னு இன்னும் யாரும் சொல்லல