நகர ஓடையை மீட்பது: தூர் வாருவதில் தொடங்கலாமா, கரையில் நடுவதில் தொடங்கலாமா?

கரைவாசி:

வணக்கம். எங்கள் பகுதியில் குடியிருப்போர் சேர்ந்து ஓர் ஓடையைச் சீரமைக்கத் திட்டமிடுகிறோம். நீளம் சுமார் 2 கி.மீ., அகலம் 4 முதல் 6 மீட்டர். கோடையிலும் கணுக்கால் அளவு கறுத்த நீர் ஓடுகிறது; அழுகிய முட்டை வாடை. மழை பெய்தால் அரை மணி நேரத்தில் கரை தொட்டு ஓடும், அதே வேகத்தில் வடிந்தும் விடும். இரண்டு வளைவுகளில் கரை இடிந்துகொண்டே வருகிறது. நடுவில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது. பொக்லைன் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும், மரக்கன்றுகளும் கிடைக்கும். தூர் வாரிவிட்டு நட்டுவிடலாமா, வேறு வரிசை உண்டா?

நீர்வழி:

பொக்லைனை இப்போது இறக்காதீர்கள். நோய் என்ன என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கோடையில் கறுத்த நீர் என்றால் எங்கோ கழிவுநீர் சேர்கிறது. சட்டென்று ஏறி சட்டென்று வடிகிறது என்றால் மேலே உள்ள நிலம் மழையைக் குடிப்பதில்லை. இரண்டுமே ஓடைக்கு வெளியே இருக்கிற காரணங்கள். அவற்றை விட்டுவிட்டு வாரினால் அதே சேறு மறுபடி படியும். அதோடு, படுகையை ஆழமாக்கினால் கரையின் உயரம் கூடி, கரையடி பிடிமானம் இழக்கும். வளைவுகள் இன்னும் வேகமாக இடியும். வெட்டிய பகுதியின் மேல்முனையில் ஒரு படி உருவாகி, வெள்ளத்துக்கு வெள்ளம் மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

முதல் வேலை, நடந்து வரைபடம் தயாரிப்பது. தொடர்ந்து 3 நாள் மழை இல்லாத சமயம் பார்த்து, ஓடையில் விழும் ஒவ்வொரு குழாய்க்கும் வடிகால் வாய்க்கும் எண் கொடுங்கள். விட்டம், நீர் வருகிறதா, நிறம், வாடை, நுரை, புகைப்படம், இருப்பிடக் குறியீடு எல்லாம் பதிவாக வேண்டும். மதியம் காய்ந்து கிடக்கும் குழாயில் காலை குளியல், சலவை நேரத்தில் நீர் வரும். இரண்டு வேளையும் பாருங்கள். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் வந்தால் அது கழிவுநீராக இருக்கலாம். நிலத்தடி ஊற்றாகவோ உடைந்த குடிநீர்க் குழாயாகவோ கூட இருக்கலாம். பிரித்தறிய வழி உண்டு. சோப்புப் பொருள் லிட்டருக்கு 0.25 மி.கி.க்கு மேல் இருந்தால் வீட்டு நீர் கலக்கிறது. அப்படி இருந்து, அம்மோனியாவின் அளவு பொட்டாசியத்தைவிடக் கூடுதலாகவும் இருந்தால் கழிவறை நீர் என்று எடுத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் பெரும்பாலும் சலவை நீர்.

செலவு குறைந்த இன்னொரு வழி பஞ்சுச் சோதனை. வெண்மையூட்டி சேராத பஞ்சு வில்லையைக் கம்பி வலைக்குள் வைத்து, குழாய் வாயில் 4 முதல் 7 நாள் கட்டி விடுங்கள். எடுத்து அலசி, இருட்டில் காயவைத்து, புற ஊதா விளக்கில் பாருங்கள். சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி ஒட்டியிருந்தால் நீலவெள்ளையாக ஒளிரும். புதுப் பஞ்சு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வரக்கூடாது.

எந்தக் குழாய் என்று தெரிந்த பிறகு அங்கிருந்து மேல்நோக்கி மேன்ஹோல் மேன்ஹோலாகத் தேடுவது உள்ளாட்சி ஊழியர்களின் வேலை. நீங்கள் எந்த மூடியையும் திறக்காதீர்கள், மூடிய சிறுபாலத்துக்குள் நுழையாதீர்கள். அந்த அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. செறிவு கூடும்போது மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். ஆளைக் கொல்வது அந்த நிலையில்தான்.

மேட்டுநிலம்:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் மழைநீர்ப் பக்கம் மட்டும் சொல்றேன்.

முதல்ல உங்க ஓடைக்கு நீர் எங்கிருந்தெல்லாம் வருதுன்னு உயரக்கோட்டு வரைபடத்துல எல்லை போடுங்க. அதுல கூரை, தார், சிமென்ட் எத்தனை சதவீதம்னு கணக்கெடுங்க. 10 சதவீதம் தாண்டினாலே ஓடையோட உயிரினங்கள் குறையத் தொடங்கும், 25 தாண்டினா பெரும்பாலும் சீர்கெட்டுடும்ங்கறது பரவலா பயன்படுத்தற அளவுகோல். நகரத்துல நீங்க 50க்கு மேலகூட இருப்பீங்க. மனசு தளர வேண்டாம். அந்தத் தரையிலிருந்து நேரா ஓடைக்குள்ள விழற குழாய்களைத் துண்டிச்சு நீரை மண்ணுல இறக்கறதுதான் வேலை.

100 சதுர மீட்டர் கூரையில 10 மி.மீ. மழை பெய்தா 1,000 லிட்டர். அதை ஒரு மழைத்தோட்டத்துல, அதாவது மழைநீரைத் தேக்கி மண்ணுல இறக்கற செடி நட்ட பள்ளத்துல விடலாம். பரப்பு, கூரைப் பரப்புல 10 முதல் 20 சதவீதம். பள்ளம் 15 முதல் 20 செ.மீ. போதும். கட்டடத்துலருந்து 3 மீட்டராவது தள்ளி, கழிவுத்தொட்டி இல்லாத இடமா பாருங்க. வெட்டறதுக்கு முன்னாடி 30 செ.மீ. ஆழத்துல குழி எடுத்து, நீர் ஊத்தி ஒரு தடவை முழுக்க வடிய விட்டு, மறுபடி நிரப்பி அளங்க. மணிக்கு 1.25 செ.மீ.கூட இறங்கலேன்னா அடியில வடிகுழாய் இல்லாம அந்த இடம் ஆகாது. முதல் தடவை ஊத்தினதை மட்டும் அளந்தா காஞ்ச மண்ணு வேகமா குடிச்சு உங்களை ஏமாத்திடும். கட்டி முடிச்ச பிறகு 48 மணி நேரத்துக்கு மேல நீர் நின்னா கொசு வளரும்.

மழைத்தோட்டம் கெட்டுப்போறது எப்படின்னா, பெரும்பாலும் வண்டலால. மேலே கட்டுமான வேலை நடக்கறப்போ வர்ற களிமண் நீர் ஒரே மழையில மேற்பரப்பை அடைச்சுடும். அந்த வேலை முடியற வரைக்கும் தோட்டத்துக்குள்ள நீர் நுழையற வாயை அடைச்சு வைங்க. நீர் நுழையற இடத்துல கல் பரப்பின சின்னத் தொட்டி ஒண்ணு வச்சு அதை மட்டும் அடிக்கடி வாருங்க. மிகுதி நீர் வழிஞ்சு போக வாய் கண்டிப்பா வேணும்.

சாலை நீரையும் கவனிக்காம விட்டுடாதீங்க. கார் டயர்ல இருக்கற ஒரு சேர்மம் ஓசோனோட வினைபுரிஞ்சு உண்டாகற 6பிபிடி-குயினோன்தான் அமெரிக்காவின் மேற்குக்கரை நகர ஓடைகள்ல கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுதுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க. அதே சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த படுகையில வடிச்சு விட்டப்போ மீன்கள் பிழைச்சுது. மண்ணைவிடச் சிறந்த வடிகட்டி இந்த வேலைக்கு நமக்குக் கிடைக்காது.

கரைவாசி:

மிக்க நன்றி. குழாய்களைத் தேடுவதில் தொடங்குகிறோம். ஆனால் இடியும் இரண்டு வளைவுகள் அதுவரை தாங்குமா? கருங்கல் சுவர் கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

வேர்ப்பிடி:

நண்பரே, அஸ்திவாரம் போகும் அபாயத்தில் வீடோ சாலையோ ஒட்டி இருந்தால் மட்டும் சுவர். அதைப் பொறியாளர்தான் வடிவமைக்க வேண்டும். மற்ற இடங்களில் சுவர் நீரின் வேகத்தைக் கீழே உள்ள வளைவுக்குத் தள்ளிவிடும்.

கரை இடிவது மேலிருந்து தொடங்குவதில்லை. கரையடியை நீர் குடைகிறது, மேல்மண் ஆதரவு இழந்து சரிகிறது. ஆகவே கரையின் மேல்விளிம்பில் மரக்கன்று நடுவது இந்த இடத்துக்கு மருந்தாகாது. செங்குத்தாக நிற்கும் கரையை 1 மீட்டர் உயரத்துக்கு 2 முதல் 3 மீட்டர் வரை சாய்த்து வெட்டுங்கள். பொக்லைன் இதற்குப் பயன்படட்டும். அடியில் 30 செ.மீ. விட்டமுள்ள தென்னைநார் உருளையைப் பாதி நீரில் அமிழும்படி வைத்து, முளைக்குச்சிகளால் இறுக்குங்கள். உருளையின் இரு முனைகளையும் கரைக்குள் வளைத்துப் புதைக்காவிட்டால் முதல் வெள்ளமே பின்பக்கமாகப் புகுந்து அதைப் பெயர்த்துவிடும். இப்படித் தோற்கும் கரைகள் பல. சாய்வின்மேல் தென்னைநார் விரிப்பு. மேல்விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து மண் மூடுங்கள். விரிப்பு சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் வேர் பிடிக்க வேண்டும்.

வேருக்குப் போத்து நடவு. வஞ்சி, நொச்சி போல வெட்டி நட்டால் வேர்விடும் உள்ளூர் இனம் எதுவானாலும் சரி. 2 முதல் 4 செ.மீ. தடிமன், 60 முதல் 90 செ.மீ. நீளம். அடிமுனையைச் சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவிட்டு, கடப்பாரையால் முதலில் துளையிட்டு, முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்படி இறக்குங்கள். சுத்தியலால் அடித்தால் நுனி பிளந்து காய்ந்துவிடும். துளையில் காற்றிடைவெளி இல்லாமல் மிதித்து இறுக்க வேண்டும். இடைவெளி 60 முதல் 90 செ.மீ.; ஒரு வரிசைப் போத்து அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரட்டும். அடிமுனை கோடையிலும் ஈரம் காயாத மண்ணைத் தொடாவிட்டால் துளிர்த்து நிற்பதுபோல் நின்று பிறகு பட்டுப்போகும்.

கரையடியில் கோரை. சம்பு நடாதீர்கள், 4 மீட்டர் ஓடையில் அது நடுவரை பரவி அடைத்துவிடும். மழைக்காலம் ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது நட்டால் அடுத்த வெள்ளத்துக்கு முன் வேர் ஊன்ற நேரம் கிடைக்கும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பெயரோடு முறை போடுங்கள். நடுகிற நாளுக்கு வருகிற கூட்டம் அதற்கு வராது.

நீர்வழி:

மூன்று சேர்க்கைகள்.

ஆகாயத்தாமரையை மருந்தடித்து அங்கேயே அழுகவிட்டால் நீரில் மிச்சமுள்ள ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். கீழ்முனையில் மிதவைத் தடுப்பு கட்டி, கையாலும் வலையாலும் இழுத்து, வெள்ளம் எட்டாத உயரத்தில் போடுங்கள். கழிவுநீர் தரும் சத்து நிற்கும்வரை அது திரும்ப வரும். விதைகளும் பல ஆண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும்.

கறுப்புச் சேற்றை எடுக்க வேண்டி வந்தால், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு ஆய்வகச் சோதனை செய்யாமல் தோட்டத்துக்கோ வயலுக்கோ கொடுக்காதீர்கள். நீரில் இறங்குவோருக்கு முழங்கால் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் புண் இருப்பவர் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. பெருமழைக்குப் பின் இரண்டு நாள் யாரும் இறங்க வேண்டாம்.

கடைசியாக, வேலை தொடங்குவதற்கு முன்பே அளவெடுப்பைத் தொடங்குங்கள். கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும். இரவெல்லாம் பாசி சுவாசித்து அது மிகக் குறைந்திருக்கும் நேரம் அது. மதியம் அளந்தால் நல்ல எண் வந்து ஏமாற்றும். லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே மீன்கள் திணறும். நீரோட்டத்துக்கு, நேரான 10 மீட்டர் நீளத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு, மூன்று முறை நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். வேகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, மேற்பரப்பு நீர் வேகமாக ஓடுவதால் 0.85ஆல் மறுபடி பெருக்குங்கள். சிறுபாலத் தூணில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு வண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் எத்தனை நிமிடத்தில் எந்தக் கோடு வரை ஏறியது என்று மழையளவோடு சேர்த்து எழுதி வாருங்கள். மழைத்தோட்டங்கள் வேலை செய்கின்றனவா என்பதை உள்ளாட்சிக்குக் காட்ட அந்தப் பதிவேடு வேண்டும்.