பகடி மட்டும் போதுமா? 'பகடிவார்ப்பு' என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

குதிரைவீரர்களின் சாகசங்களைச் சொல்லும் பழைய ஐரோப்பிய வீரர்காதைகளை (romance) கேலி செய்துகொண்டே அவற்றைப் புதிதாக ஆக்கிக்கொண்ட நாவல்களின் உத்தியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, நம் குழுவில் 'நையாண்டி', 'போலிக்காதை', 'பகடி' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நையாண்டி என்றால் மேளம்தான் காதில் விழுகிறது. போலிக்காதையில் போலி ரசீதின் வாடை. எஞ்சுவது பகடி, அதுவும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

செர்வாண்டிஸின் ஸ்பானிய நாவல் 'டான் குயிக்ஸாட்' (1605), வீரர்காதைகளைப் படித்துப் பித்தேறித் தானும் வீரனாகக் கிளம்பியவனின் கதை. அதன் எட்டாம் அத்தியாயத்தில் நாயகனும் பாஸ்க் இனத்தவன் ஒருவனும் வாளை ஓங்கி நிற்கும்போது கதை அறுந்துவிடுகிறது. மூலப்பிரதி அத்துடன் தீர்ந்துவிட்டதாம்! அடுத்த அத்தியாயத்தில் கதைசொல்லி தொலேதோ நகரக் கடைத்தெருவில், ஒரு பையன் விற்க வந்த அரபிக் கையெழுத்துப் படிகளை அரை ரியாலுக்கு வாங்குகிறார். அதில்தான் மீதிக் கதை. மொழிபெயர்ப்பவருக்குக் கூலி, உலர்திராட்சையும் கோதுமையும்.

கேலி எதன்மீது? 1508 சரகோசா பதிப்பான 'அமாதீஸ்' காதையின் முன்னுரை, அதன் தொடர்ச்சி கான்ஸ்டான்டிநோபிள் அருகே ஒரு கல்லறையில் கிடைத்ததாகப் பெருமை பேசுகிறது. செர்வாண்டிஸ் கல்லறையைக் கடைத்தெருவாக்கிச் சிரிக்கிறார். ஆனால் அந்த உத்தியைக் கைவிடவில்லை. அரபி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பவர் என்று குரல்கள் பெருகி, யாரை நம்புவது என்ற ஐயமே நாவலுக்கு உயிராகிறது.

ஆறாம் அத்தியாயத்தில் பாதிரியாரும் நாவிதரும் நாயகனின் நூல்களைத் தீக்கு அனுப்புகிறார்கள். அமாதீஸ் தப்புகிறது. 'திரான்த்' என்ற காதையையோ பாதிரியார் வாயாரப் புகழ்கிறார்: அதில் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், உறங்குகிறார்கள், உயில் எழுதிவிட்டுக் கட்டிலில் சாகிறார்கள். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் டான் குயிக்ஸாட் சாவதும் அப்படித்தான், உயில் எழுதிவிட்டு, கட்டிலில். கேலிக்கு ஆளான வகைமையிலிருந்தே நாவலுக்கு முடிவு கிடைத்திருக்கிறது. இதைப் 'பகடி' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அநியாயம்.

எனவே 'பகடிவார்ப்பு' என்று முன்மொழிகிறேன். பழைய வெண்கலத்தை உருக்கி ஊற்றுவது போல, உலோகம் அதுவே, உரு வேறு. பகடிவார்ப்பு நாவல், பகடிவார்ப்பாளர் என்று கிளைக்கவும் செய்யும். 'எள்வார்ப்பு' இன்னும் சுருக்கம்தான். ஆனால் எள்ளுருண்டையை நினைக்காமல் எத்தனை பேர் படிப்பார்கள்?

'வீரர்காதை' என்பதற்கு மாற்றாக ஒருவர் தந்த 'காதல் நவீனம்' வேண்டவே வேண்டாம். அமாதீஸில் காதல் உண்டுதான். அரக்கர்களும் மந்திரவாதிகளும் எங்கே போவார்கள்?

மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.