பழைய சேத்தக்: சூடானதும் தானாக ரேஸ் ஆகிறது, வெள்ளைப் புகை. சீலா, இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலா?

டூஸ்ட்ரோக்_திருச்சி:
வணக்கம் நண்பர்களே. 1989 மாடல் பஜாஜ் சேத்தக், பாயிண்ட் செட் (தொட்டு விலகும் முனைகளால் பிளக்குக்குப் பொறி தரும் பழைய முறை) எஞ்சின். ஆறு வருடம் ஓடாமல் நின்ற வண்டி. டேங்க் கழுவி, கார்புரேட்டர் கிளீன் பண்ணி, புது பிளக் போட்டாயிற்று. ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடும், சூடானதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறும். வெள்ளைப் புகையும் நிற்கவில்லை. பிளக்கில் பீங்கான் வெளுத்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் சொல்வது: "இ20 பெட்ரோல்தான் காரணம். மெயின் ஜெட் பெரிசா போட்டு, ஆயிலை லிட்டருக்கு 40 மில்லியா ஊத்துங்க." இது சரிதானா?

பாயிண்ட்செட்:
ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையை, தொடாதீர்கள். வண்டியை இப்போதைக்கு ஓட்டவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பக்கம்தான் கைகாட்டுகின்றன, இரண்டு சீலும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மேக்னெட் (எஞ்சினுக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கச் சீல் ரப்பர் இறுகிவிட்டால் அந்த வழியாக வெளிக்காற்று கிராங்க் கேஸுக்குள் போகும். கார்புரேட்டர் அளந்து தரும் பெட்ரோலுக்கு அந்தக் காற்று அதிகம், அதனால் கலவை மெலிந்து ரேஸ் தானாக ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது என்பதால் கலவை மெலிந்தால் மசகும் குறையும். பிஸ்டன் ஜாம் ஆவது இப்படித்தான். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரியும், அதுதான் வெள்ளைப் புகை. கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சில சமயம் தலைகீழாகவும் நடக்கும்: மட்டம் கூடி, ஆயிலில் பெட்ரோல் வாசம் வரும். காரணம் அதே சீல்தான்.

ஒரு சோதனை. ரேஸ் ஏறும்போது சோக்கை மெல்ல இழுங்கள். ரேஸ் உடனே இறங்கினால் எங்கேயோ காற்று கசிகிறது. ஆனால் நேரே எஞ்சினைப் பிரிக்காதீர்கள். முதலில் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் அடி கேஸ்கெட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தாலும் இதே குணம்தான் காட்டும், செலவோ ஒரு கேஸ்கெட் மட்டும். அந்த போல்ட்டுகளை வெறி கொண்டு முறுக்கினால் கார்புரேட்டரின் அடித்தளம் வளைந்துவிடும், அதன் பிறகு எந்த கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

மேக்னெட் பக்கச் சீலை வெளியிலிருந்தே மாற்றலாம். புல்லர் வைத்து மேக்னெட்டைக் கழற்றி, ஸ்டேட்டர் பிளேட் (மேக்னெட்டுக்குப் பின்னால் காயிலும் பாயிண்டும் இருக்கும் தட்டு) இருக்கும் இடத்தில் அடையாளக் கோடு போட்டு எடுக்க வேண்டும். கோடு போடாவிட்டால் டைமிங் தவறிவிடும். புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டுவது குற்றம், கிராங்க் முனை கெடும். கிளட்ச் பக்கச் சீலுக்கு எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளந்தே ஆக வேண்டும். பிளந்தபின் ஒரு சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். இரண்டு சீல், கிராங்க் பேரிங்குகள், முழு கேஸ்கெட் செட், எல்லாம் புதிதாகப் போடுங்கள். கியர் ஓடும்போது நழுவுகிறது என்றால் கிராஸையும் (கியரைப் பிடிக்கும் சிலுவை வடிவப் பாகம்) அப்போதே மாற்றிவிடலாம்.

கார்பன்தூள்:
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மெக்கானிக் அண்ணன் சொன்ன 40 மில்லி மட்டும் ரொம்பத் தப்பு. ஆயில் கூடினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை இன்னும் மெலியும். போதாததற்கு சைலன்சரிலும் எக்ஸாஸ்ட் வாயிலும் கரி அடையும். லிட்டருக்கு 20 மில்லி, ஜாசோ எஃப்சி என்ற ஜப்பானியத் தரத்து டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், அவ்வளவு போதும். புது பிஸ்டன் போட்டால் முதல் சில டேங்க் மட்டும் 30 மில்லி.

இ20 பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், அதற்கும் பங்கு உண்டு. சாதாரணப் பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே கலவை கொஞ்சம் மெலிந்துதான் ஓடும். ஆனால் ஜெட் மாற்றம் கடைசி வேலை. கசிவை வைத்துக்கொண்டு ஜெட்டைப் பெரிதாக்கினால் கசிவு சரியாகாது, பிஸ்டனுக்கு ஆபத்தும் தீராது. சீல் வேலை முடிந்து, மிக்ஸர் ஸ்குரூவை (ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகு) முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வைத்து, நல்ல வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். பீங்கான் காப்பித்தூள் நிறம் என்றால் ஜெட் சரி. அப்போதும் வெளுத்திருந்தால் ஜெட் எண்ணில் இரண்டு கூட்டுங்கள், 98 இருந்தால் 100.

அந்தக் காலத்து சீல் ரப்பர் எத்தனாலைத் தாங்கும்படி செய்ததல்ல. அதனால் கேட்டு வாங்கும்போது விட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வகை) சீல் கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. பெட்ரோல் ஹோஸும் அப்படியே. கடையில் தொங்கும் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் சில மாதத்தில் விறைத்து வெடிக்கும். ஹோஸ் நீளம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும், கூடினால் மடிந்து பெட்ரோல் வருவது தடைபடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டூடி ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினுக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத அந்த அடித்தண்ணீர்! ஓரிரு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் என்றால் டேங்கையே வடித்துவிடுங்கள்.

பங்க் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க: அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல், ஆயில் கலக்காமல். குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் 28 மில்லி அருகே நின்றால் இ20.

டூஸ்ட்ரோக்_திருச்சி:
நன்றி. சோக் இழுத்ததும் ரேஸ் இறங்கியது. கார்புரேட்டர் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. கியர் ஆயில் வடித்தால் 150 மில்லிகூட வரவில்லை. எஞ்சின் இறக்குகிறேன். திரும்ப எந்த ஆயில்? ஆர்சி முடிந்துவிட்டது, விண்டேஜ் என்று பதிய முடியுமா?

பாயிண்ட்செட்:
எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில், 250 மில்லி. ஊற்றும் துளையில் ததும்பும் மட்டம்தான் கணக்கு. 90 கியர் ஆயில் வேண்டாம், கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. முதல் உதைக்கு முன் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி டூடி ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் பத்துத் தடவை மெதுவாக உதையுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். பாயிண்ட் மறுபடி மறுபடி கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள்.

ஆர்சி_புக்:
விண்டேஜ் பதிவு முடியாது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அது. சேத்தக் வந்ததே 1972-இல், ஆரம்ப கால வண்டிகள்தான் இப்போது அந்த வயதைத் தொட்டிருக்கின்றன. அப்படிப் பதிந்தாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. உங்களுக்குப் படிவம் 25 (ஆர்சி புதுப்பிக்கும் விண்ணப்பம்) போதும், ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வேண்டும். வண்டியை நேரில் காட்ட வேண்டும், சேஸிஸ் எண் படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும். எண்ணின் மேல் பெயிண்ட் ஏறியிருந்தால் தேய்க்கும் காகிதம் வேண்டாம், தின்னர் தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள். எழுத்து மழுங்கினால் அந்த வண்டிக்கு ஆர்சி வாங்குவது பெரும்பாடு.